கணக்குக் கேட்டால் துரையின் ஆளா?



சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று, "நாங்க கட்டுற பணம் என்ன ஆகுது?" என்று கேட்கிறார். உடனே என்ன நடக்கிறது? மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் சிவக்கிறது. "உன்னை யார் தூண்டி விட்டது? நீ துரையோட ஆளா?" என்று ஓர் அதட்டல் பிறக்கிறது. கேட்டவர் உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அப்புறம் சம்பள உயர்வு பற்றிப் பிரசங்கம் நடக்கிறது. கைதட்டல் நடக்கிறது. தேநீரும் பிஸ்கட்டும் வருகின்றன. "கூட்டம் இனிதே முடிவுற்றது" என்று காரியதரிசி குறிப்பு எழுதி வைக்கிறார்.

இனிதே முடிந்ததாம்! அந்தக் கூட்டத்தில் எது முடிந்தது என்பதை அடுத்த மாதச் சம்பளப் பட்டியலைத் தயாரிக்கிற கிராணியைக் கேட்டால் சொல்வார்.

நாம் அந்தக் கிராணி. கித்தாத் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதுகிறவர்கள். கிராணிமாருக்குத் தனிச் சங்கம் உண்டு. மரம் சீவும் தோழர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு. ஆனாலும் எங்கள் தோட்டத்துக் கிளையார், வருஷக் கடைசியில் கணக்குப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வருவது பழைய வழக்கம். "கிராணி ஐயா, ஒரு தடவை கூட்டிப் பார்த்துக் குடுங்க" என்பார்கள். நாமும் கூட்டிப் பார்த்துக் கொடுப்போம். ஆகவே இங்கே நாம் எழுதப்போவது கேள்விப்பட்ட கதை அல்ல. இதில் நமக்கும் பங்கு உண்டு, பழியிலும் பங்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. எங்கள் கிளையில் அப்போது 112 அங்கத்தினர்கள். மாதச் சந்தாவை ஆபீசே சம்பளத்தில் பிடித்துத் தலைமையகத்துக்கு அனுப்பிவிடும். அது போக, சாவுக்கும் நோவுக்கும் என்று வீட்டுக்கு இரண்டு வெள்ளி சம்பளநாளன்று கையில் தண்டுவார்கள். இந்தக் கைப்பணத்தை வைத்திருந்தவர் எங்கள் பொருளாளர். முப்பது வருஷம் மரம் சீவியவர். பணம் ஒரு மைலோ டின்னில் இருக்கும். கணக்கு ஒரு பள்ளிக்கூடத்து நோட்டில் இருக்கும். தண்டிய பணம் முழுவதும் அந்த நோட்டில் ஏறும், கொடுத்த பணத்தில் பாதிதான் ஏறும். மீதிப் பாதி அவர் தலைக்குள் இருக்கும்.

இதை நாம் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். "அண்ணே, இதுக்குக் கையெழுத்து வாங்கினீங்களா?" என்று கேட்டால், "வாங்கிக்கலாம் தம்பி, எங்கே போயிடப் போறாங்க?" என்பார். நல்ல மனிதர், நம் தகப்பனார் காலத்துப் பழக்கம், கேட்டால் மனம் நோகும் என்று நாமும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிக் கொடுத்தோம். அந்தப் பென்சில் குறிதான் நாம் செய்த குற்றம். மையால் போட்டிருக்க வேண்டும்.

ஒருநாள் கூட்டத்தில் பால் வெட்டும் அம்மையார் ஒருவர் எழுந்தார். அவருடைய மாமியார் படுத்த படுக்கை. "அண்ணே, சாவு நிதியில எவ்வளவு இருக்கு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். வீட்டில் ஒன்று நடந்துவிட்டால் எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு கடன் வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி. அதில் என்ன துரோகம் கண்டார்களோ! கிளைத் தலைவர் எழுந்து, "பங்களாவுக்குப் போய் வர்றவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு இங்க வந்து கலகம் பண்ணாதே" என்று போட்டார் ஒரு போடு. அந்த அம்மையாரின் தங்கை துரை பங்களாவில் சமையல் வேலை செய்தாள். அது போதுமாம்!

மறுநாள் பெரட்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. "கேட்டதுக்குப் பதில் சொல்லலியே, அப்போ ஏதோ இருக்கு." அதற்கு அடுத்த நாள் அது, "பொருளாளர் மகளுக்கு மோட்டார் சைக்கிள் எப்படி வந்துச்சு?" என்று மாறியது. (தவணையில் வந்தது. அந்தத் தவணைக் கடிதத்தை எழுதிக் கொடுத்ததும் நாமே.) கடைசியில் செயற்குழு கூடி டின்னைத் திறந்து எண்ணிப் பார்த்தபோது, நோட்டின்படி இருக்க வேண்டியதற்கு 740 வெள்ளி குறைந்தது.

எங்கே போயிற்று அந்த 740? பொருளாளரை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினோம். நடுச்சாமத்தில் ஒரு தொழிலாளியைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, அவர் மனைவி கையில் கொடுத்தது 300. வட்டாரக் கூட்டத்துக்குப் பேராளர்கள் போய்வர இரண்டு தடவை வேன் பிடித்தது 260. இரண்டு சாவுக்குப் பாடைச் சாமானும் மலர்வளையமும் வாங்கியது 180. சரியாக 740. ஒரு காசு அவர் தின்றதில்லை. ஆனால் ஒன்றுக்காவது ரசீது உண்டா? கைநாட்டு உண்டா? செயற்குழுத் தீர்மானம் உண்டா? இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர் இறந்துபோய், அந்த அம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டே போய்விட்டார். வேன்காரர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். யார் வந்து சாட்சி சொல்வது?

பொருளாளர் வாதாடவில்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 740 வெள்ளியையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்றோடு சங்கத்துப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். லயத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? "பாத்தியா, எடுத்ததாலதானே வச்சான்!" கொடுக்காமல் இருந்தாலும் திருடன், கொடுத்தாலும் திருடன். ரசீது இல்லாத நல்லவனுக்கு உலகத்தில் கிடைக்கிற பட்டம் இதுதான்.

அந்த மாதமும் அடுத்த மாதமுமாக, "என் சம்பளத்தில் சங்கச் சந்தா பிடிக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தவர்கள் 43 பேர். அந்த 43 கடிதங்களையும் வாங்கி, செக்ரோலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் சந்தாக் கட்டத்தில் கோடு போட்டது யார் கை? நம் கைதான். துரை வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மாதக் கடைசியில், "இப்போது எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார். "69" என்றோம். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

சந்தா மாதம் எட்டு வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 43 பேர் போனால் வருஷத்துக்கு 4,128 வெள்ளி போகிறது. 740 வெள்ளிக்குக் கணக்குச் சொல்லக் கூச்சப்பட்ட கிளை, வருஷா வருஷம் 4,128 வெள்ளியைக் காற்றில் விடுகிறது. இதைத் துரை செய்யவில்லை. கம்பெனி செய்யவில்லை. ஒற்றைக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்லாத நம் ஆணவம் செய்தது.

"கணக்கையெல்லாம் பகிரங்கமாக வைத்தால் முதலாளிக்கு நம் பலம் தெரிந்துபோகுமே" என்கிறார்கள் சிலர். இதைப்போல வேடிக்கையான பேச்சு வேறு இல்லை. சந்தாவைச் சம்பளத்தில் பிடிப்பதே தோட்டத்து ஆபீஸ்தானே? இந்த மாதம் எத்தனை தலை, போன மாதம் எத்தனை தலை என்பது துரைக்கு நம் தலைவருக்கு முன்பே தெரியும். அரசாங்கத்துக்கும் தெரியும். 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி, தணிக்கை செய்த வரவுசெலவுக் கணக்கை ஒவ்வொரு சங்கமும் ஆண்டுதோறும் அதிகாரிக்கு அனுப்பியாக வேண்டும். ஆகத் துரைக்குத் தெரியும், சர்க்காருக்குத் தெரியும். தெரியாமல் விழிப்பவர் ஒருவர்தான். அவர்தான் பணம் கட்டுகிறவர்! யாரிடமிருந்து எதை மறைக்கிறார்கள் என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. பொருளாளர் ஆண்டுக்கு ஒரு தடவையாவது அங்கத்தினர்களுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களையும் அங்கத்தினர் பட்டியலையும் விதிகளில் கண்ட நேரத்தில் எந்த அங்கத்தினரும் வந்து பார்க்கலாம். கேட்டால் துரோகம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அன்று கூட்டத்தில் எழுந்து நின்ற அம்மையார் சட்டம் கொடுத்த உரிமையைத்தான் கேட்டார். அவரை அதட்டியவர்தான் சட்டத்துக்குப் புறம்பாகப் பேசினார்.

நிற்க. கணக்கைப் பற்றிப் பேசும்போது பெயரைப் பற்றியும் பேச வேண்டும். பணம் ஒரு கணக்கென்றால் ஆள் இன்னொரு கணக்கு.

சங்கத்தில் பெயர் கொடுப்பது என்பது நம் பாட்டன்மார் காலத்தில் சாதாரணக் காரியம் அல்ல. 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமானது. அதே மாதத்தில் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த நாட்களில் சங்கப் புத்தகத்தில் பெயர் இருப்பது என்றாலே வீட்டுக் கதவை யார் தட்டுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தைத் தாண்டி மறுபடியும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். தனித்தனியாகப் பிரிந்து கிடந்த தோட்டச் சங்கங்கள் 1954இல் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. நாராயணன் பொதுச் செயலாளரானார். அந்தச் சங்கத்தைப் பற்றி இன்று ஆயிரம் குறை சொல்லலாம், நமக்கும் சில குறைகள் உண்டு. ஆனால் அதன் பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு பெயரும் ஒரு மனிதன் பயத்தை விழுங்கிக்கொண்டு கொடுத்த பெயர் என்பதை மறக்கக் கூடாது.

அப்படிப்பட்ட பதிவேட்டை இன்று எப்படி வைத்திருக்கிறோம்? எங்கள் கிளைப் பதிவேட்டை நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். இறந்தவர்கள் பெயர் இருக்கிறது. ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போனவர்கள் பெயர் இருக்கிறது. எண்ணெய்ப்பனை நட்டபோது வேறு டிவிஷனுக்கு மாற்றப்பட்டவர்கள் பெயர் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு எழுத்தில், அதாவது அடையாளக் கார்டில் உள்ளபடி ஒரு தடவையும் லயத்தில் கூப்பிடுகிறபடி ஒரு தடவையும் இருக்கிறார். இல்லாதவர்கள் யார்? போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இல்லை. அடுத்த லயத்தில் இருக்கும் இந்தோனேசியத் தோழர்கள் இல்லை. வங்காளதேசத் தோழர்கள் இல்லை. "அவங்க வெளிநாட்டுக்காரங்க, நம்ம சங்கத்துல எப்படிச் சேர்ப்பது?" என்கிறார்கள். தொழிற்சங்கச் சட்டம் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. நாம்தான் சொல்கிறோம். நம் தாத்தாவும் ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய வெளிநாட்டுக்காரர்தான் என்பதை யாராவது நினைவுபடுத்தினால் கோபிக்கிறார்கள்.

பெயர்ப் பட்டியலில் ஆள் கூட்டிக் காட்டுவதில் பெருமைப்படும் கிளைகள் உண்டு. மகாநாட்டுக்குப் பேராளர் எண்ணிக்கை கூடும் அல்லவா? ஆனால் ஒரு முதலாளி சங்கத்தை அங்கீகரிக்க மறுக்கிறபோது என்ன நடக்கிறது? இரகசிய வாக்கெடுப்பு நடக்கிறது. வேலையில் இருக்கும் உயிருள்ள தொழிலாளியில் பெரும்பாலோர் கை நம் பக்கம் இருக்க வேண்டும். செத்தவர் வந்து ஓட்டுப் போடமாட்டார். அன்றைக்குத்தான் பதிவேட்டின் சாயம் வெளுக்கும்.

சம்பளத்தில் சந்தா பிடிக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். அது கெட்ட முறை அல்ல. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. தொழிலாளி எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் மட்டுமே பிடிக்கலாம் என்பதும் அதிலேயே உண்டு. முன்பெல்லாம் சம்பளநாளன்று கடைக்காரன் ஒரு பக்கம், வட்டிக்காரன் ஒரு பக்கம், கள்ளுக்கடை ஒரு பக்கம் நிற்க, சங்கத்துத் தண்டல்காரர் கடைசியில்தான் போய் நிற்பார். மிஞ்சினால் கிடைக்கும். அந்தத் தொல்லை ஒழிந்தது நல்லதே.

ஆனால் அந்தத் தொல்லையோடு இன்னொன்றும் ஒழிந்தது. தண்டல்காரர் வீடு வீடாக வரும்போது வெறும் காசு வாங்க மட்டும் வரவில்லை. "என்ன மாமா, நிரையில மரமெல்லாம் பட்டை போச்சுன்னீங்களே, மண்டோர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். "புள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு குடுத்தாங்களா?" என்று கேட்டார். வாசலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடித்தார். அந்த வீட்டில் யார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள், யார் கோபமாக இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். சந்தாவைக் கொடுக்க மறுத்தவர் முகத்துக்கு நேரே மறுத்தார், ஆகவே காரணமும் தெரிந்தது. இப்போது யாரும் யாரிடமும் மறுப்பதில்லை. கிராணியிடம் ஒரு கடிதத்தை நீட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சம்பளச் சீட்டில் ஒரு வரியாகச் சங்கம் சுருங்கிவிட்டது. வருமான வரிக்கும் சொக்சோவுக்கும் பக்கத்தில் அதுவும் ஒரு பிடித்தம்! பிடித்தத்தின் மேல் யாருக்காவது பாசம் வருமா?

ஆகவே சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. பணம் அந்த வழியில் போகட்டும், மனிதர் வாசலுக்கு வரட்டும் என்கிறோம். மாதம் ஒருமுறை செயற்குழுவில் இருவர் லயத்தைச் சுற்றி வரட்டும். கையில் காசுப் பை வேண்டாம், கணக்குத் தாளைக் கொண்டு போகட்டும்.

"கணக்கு வைக்க நமக்கு எங்கே படிப்பு?" என்பது அடுத்த சாக்கு. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம் கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். தேங்காய் இத்தனை, வாழைப்பழம் இத்தனை சீப்பு, நாதஸ்வரக்காரருக்கு இவ்வளவு, பூசாரி தட்சணை இவ்வளவு, நன்கொடை கொடுத்தவர் பெயர் தொகையோடு, மிச்சம் இவ்வளவு என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கும். ஒரு காசு பிசகினால் தோட்டமே இரண்டாகிவிடும் என்று தெரிந்துதான் ஒட்டுகிறார்கள். அதை எழுதியவர்களும் இதே தோட்டத்தில் நாலாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் படித்தவர்கள்தாம்.

சீட்டுப் பிடிக்கும் நம் பெண்களைப் பாருங்கள். இருபது பேர், இருபது மாதம், யார் எந்த மாதம் எடுத்தார்கள், யார் இன்னும் எடுக்கவில்லை, யார் ஒரு மாதம் பாக்கி என்பதை நோட்டும் இல்லாமல் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். எடுக்காத சீட்டுக்காரி வாசலில் வந்து நின்று, "அக்கா, என் முறை எப்போ?" என்று கேட்டால், "நீ துரையோட ஆளா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அன்றே சீட்டு உடைந்துபோகும்.

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போனபோது, துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளியே வாங்கலாம் என்று சொன்னபோது, மரம் சீவும் மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கை வாங்கினார்கள். கட்டியதற்குக் கொடுத்த அந்தக் காகிதங்களைப் பல வீடுகளில் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நம் மக்களுக்குக் காகிதத்தின் அருமை தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

அதுமட்டுமா? பால் நிறுக்கும் இடத்தில் நம் தோழர்கள் நிற்பதைக் கவனித்திருக்கிறோம். வாளியைத் தூக்கித் தராசில் வைத்த நேரத்திலிருந்து முள் நிற்கும் வரை கண்ணை எடுக்கமாட்டார்கள். மெட்ரோலாக்கைப் பாலில் விட்டுப் படிக்கும்போது கழுத்தை நீட்டி எண்ணைப் பார்ப்பார்கள். அரைக் கிலோ குறைத்து எழுதினால் கிராணியின் ஏழு தலைமுறையும் வெளியே வரும்! (நமக்கே வந்திருக்கிறது. அன்று தவறு நம்முடையதுதான், ஒத்துக்கொண்டோம்.) கம்பெனியின் தராசைச் சந்தேகிக்கத் தெரிந்தவர்களுக்குத் தங்கள் சொந்தப் பணத்தை நிறுத்துப் பார்க்க மட்டும் ஏன் தயக்கம்? கேட்டால் அதட்டுவார்கள் என்ற பயம்தான். அந்தப் பயத்தை உண்டாக்கியது கம்பெனி அல்ல.

இனி, சந்தாவை நிறுத்திக்கொண்ட 43 பேருக்கும் ஒரு வார்த்தை. உங்களை நல்லவர்கள் என்று தட்டிக்கொடுக்க நாம் வரவில்லை. கணக்குச் சரியில்லை என்று கோபம் வந்தது, நியாயம். ஆனால் கோபம் வந்தவர் கூட்டத்துக்கு வந்து புத்தகத்தைத் திறக்கச் சொல்ல வேண்டும். நீங்கள் செய்தது என்ன? வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று மழையில் போய் நின்றீர்கள்! 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின்படி, கூட்டு ஒப்பந்தம் அது சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கும் எல்லாத் தொழிலாளரையும் கட்டும். சந்தா கட்டினவருக்கு ஒரு சம்பளம், கட்டாதவருக்கு ஒரு சம்பளம் என்று கிடையாது. பேச்சுவார்த்தை மேசையில் மற்ற 69 பேரின் காசில் கிடைத்ததை நீங்களும்தான் வாங்குகிறீர்கள். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்குகிற கையை மடக்கிக்கொண்டு, "சங்கம் என்ன கிழிச்சுது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சங்கம் பணத்தை என்ன செய்தது?" என்று கேளுங்கள். சந்தா கட்டிவிட்டுக் கேளுங்கள். அப்போது உங்களை உட்காரச் சொல்ல எவருக்கும் வாய் வராது.

கிராணி நண்பர்களையும் விடுவதாக இல்லை. "அது கூலிக்காரங்க சங்கம், நமக்கேன்?" என்று கேட்கிற கிராணி இன்னும் இருக்கிறார். அந்தச் சொல்லை அவர் நாக்கிலிருந்து யாராவது பிடுங்கி எறிந்தால் நல்லது. கம்பெனிக்கு மாதக் கடைசியில் ஒரு காசு இடிக்காமல் கணக்கை நேராக்க இரவு பன்னிரண்டு மணி வரை விளக்கு வைத்துக்கொண்டு உட்காருகிறோம். பெட்ரோல், உரம், பால், தலைக்கூலி எல்லாவற்றுக்கும் வவுச்சர், வவுச்சருக்கு நம்பர், நம்பருக்குப் பைல். இந்த வித்தையைக் கம்பெனிக்குச் சம்பளத்துக்குச் செய்கிறோம். அடுத்த லயத்துத் தோழருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக் கொடுத்தால் கை தேய்ந்துவிடுமா? நம் சொந்தக் கிராணிச் சங்கக் கிளையின் கணக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்! தீபாவளி விருந்துச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் "இதரச் செலவு" என்று எழுதிய புத்தகத்தை நாம் பார்த்திருக்கிறோம். "இதரம்" என்ற சொல்லுக்குள் ஒரு யானையை மறைத்துவிடலாம்.

எங்கள் கிளையில் இப்போது என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மைலோ டின் போய்விட்டது. பணம் வங்கியில் இருக்கிறது, எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. நடுச்சாமத்து அவசரத்துக்கென்று 200 வெள்ளி மட்டும் பொருளாளர் கையில் இருக்கும். அந்த நேரத்தில் தீர்மானம் போட முடியாது என்பது நமக்கும் தெரியும். ஆனால் கொடுத்த மறுநாள் காலைப் பெரட்டுக்கு முன்பே காரியதரிசியிடம் சொல்லிவிட வேண்டும். வாங்கியவரின் கையெழுத்தோ கைநாட்டோ, அவர் துக்கத்தில் இருந்தால் உடனிருந்த சாட்சியின் கையெழுத்தோ மூன்று நாளுக்குள் வந்துவிட வேண்டும். சாவு வீட்டில் போய்ப் பேனாவை நீட்டுவது ஈரமில்லாத செயல் என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் மூன்று நாள் வைத்தோம். ரசீதுப் புத்தகத்தில் நம்பர் அச்சாகியிருக்கும், கிழித்துப்போட முடியாது. தப்பினால் குறுக்கே கோடு போட்டு இரண்டு பிரதியையும் புத்தகத்திலேயே வைக்க வேண்டும்.

பதிவேட்டைப் புதிதாக எழுதினோம். 112இல் தொடங்கி 69க்கு இறங்கியது, செத்தவர்களையும் போனவர்களையும் எடுத்ததும் 61க்கு வந்துவிட்டது. வட்டாரக் கூட்டத்தில் இந்த எண்ணைச் சொன்னபோது சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த 61 பேருக்கும் கால் இருக்கிறது, கை இருக்கிறது, கூட்டத்துக்கு வருகிறார்கள். பிறகு நின்றுபோனவர்களில் 17 பேர் திரும்பி வந்தார்கள். புதுப் பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். இந்தோனேசியத் தோழர்கள் நால்வர் பாரம் வாங்கிப் போயிருக்கிறார்கள், இன்னும் கையெழுத்திடவில்லை. ஆக இன்றைக்கு 87. இந்த எண்ணையும் துரை கேட்டார், சொன்னோம். எங்கள் கதவிலும் அதே எண் ஒட்டியிருக்கிறது.

போன திருவிழாவுக்கு அந்த அம்மாள் வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பணம் வாங்கிப் போனவர். இப்போது பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கோயில் வாசலில் பழைய பொருளாளரைக் கண்டதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அன்னைக்கு ராத்திரி நீங்க முந்நூறு வெள்ளி குடுக்கலேன்னா அவரை ஆஸ்பத்திரி வரைக்கும்கூடக் கொண்டு போயிருக்க மாட்டேன்" என்று அழுதார். சுற்றி நின்றவர்களில், "எடுத்ததாலதானே வச்சான்" என்று அன்று சொன்னவர்களும் இருந்தார்கள். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. நாம்தான் ஆபீசுக்கு ஓடி ஒரு தாள் எடுத்து வந்து, தேதியும் தொகையும் எழுதி, அந்த அம்மாளிடம் கையெழுத்து வாங்கினோம்.

அந்த 300 வெள்ளியைப் பெரியவருக்குத் திருப்பிக் கொடுக்க அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. மற்ற 440 வெள்ளிக்கும் வேனில் போன பேராளர்கள் ஐவரும் இரண்டு சாவு வீட்டாரும் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். கூட்டம் சம்பளநாளுக்கு அடுத்த ஞாயிறு, காலை பத்து மணிக்கு, ஆயாக் கொட்டகையில். புத்தகம் மேசைமேல் திறந்திருக்கும். அன்று சாவு நிதிக் கேள்வியைக் கேட்ட அம்மையாரைத்தான் உள்தணிக்கையாளராக முன்மொழியப் போகிறோம். அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை, "முதல்ல தலைவர் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும்" என்கிறார். தலைவரிடம் சொல்லியிருக்கிறோம்.